கறுப்புக் கூழாங்கல் பூச்சு

வானிலைக்காரருக்கு நீச்சல் தெரியாது. தெரியாது என்றால் உங்களுக்கும் எனக்கும் தெரியாததைப் போல அல்ல. குளியலறை வாளி கொஞ்சம் தளும்பினாலே ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மொண்டு ஊற்றிக்கொள்கிற ரகம். அந்த மனிதருக்கு வீட்டின் பின்புறம் ஒரு நீச்சல் குளம் வாய்த்திருந்தது. மொட்டைத் தலையனுக்குச் சீப்புக் கடையை எழுதி வைத்த மாதிரி. வீட்டை வாங்கியபோது சீதனம் போல அதுவும் கூடவே வந்துவிட்டது.

விமான நிலையத்தில் காலமெல்லாம் மேகத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கி ஓய்வு பெற்றவர் அவர். இவர் "இன்று மழை இல்லை" என்று எழுதிப் போட்டால் விமானிகள் குடையோடு வருவார்கள் என்று கூட வேலை பார்த்தவர்கள் கட்டிவிட்ட கதை ஒன்று உண்டு. அதில் பாதி பொய். மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். சாப்பிட வாருங்கள் என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் பக்கத்துத் தெருக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இதில் பொய்யே கிடையாது.

குளத்தில் இறங்குவது அவள் மட்டும்தான். சர்க்கரை நோய் அவளுடைய இரண்டு பாதங்களிலும் இருந்த உணர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்திருந்தது. முள் குத்தினாலும் தெரியாது, நெருப்பு பட்டாலும் தெரியாது. "தண்ணியில நடங்கம்மா, உடம்புக்கு நல்லது. ஆனா கால்ல ஒரு கீறல் விழக் கூடாது. விழுந்தா உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியவரும்போது காலுக்கே ஆபத்தாயிடும்" என்று அவளுடைய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு இறங்கச் சொன்னதற்குத்தான் அவள் சம்மதிக்கவில்லை. "மீன் என்னைக்காவது ஷூ போட்டு நீங்க பாத்திருக்கீங்களா?" என்று அவரையே திருப்பிக் கேட்டாள். ஒவ்வொரு காலையிலும் கழுத்தளவுத் தண்ணீரில் இக்கரைக்கும் அக்கரைக்குமாக நடப்பாள். அவர் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் நடையைப் பற்றி வர்ணனை கொடுப்பார். ஒரு நாளில் அவள் முகத்தில் கவலையே இல்லாத நேரம் அதுதான் என்பது அவருக்குத் தெரியும்.

குளத்தின் பழைய பூச்சு சொறி பிடித்த மாதிரி உரியத் தொடங்கியது. தண்ணீரை இறக்கிவிட்டுப் புதுப் பூச்சு போட மேஸ்திரியை வரவழைத்தார்கள். மேஸ்திரி வாய்த் துடுக்கு, கைச் சுத்தம், மூக்குக்கு மேல் கோபம் மூன்றும் சரிசமமாகக் கலந்த ஆள். பிஸ்கட் டப்பா மூடி அளவில் சில மாதிரித் துண்டுகளைத் தோட்டத்துச் சுவர் மேல் வரிசையாக வைத்தார். வெள்ளைச் சிமென்ட்டில் பளிங்குத் தூள் கலந்து மழமழவென்று தேய்த்தது ஒன்று. நீலச் சில்லுகள் பதித்தது ஒன்று. கடைசியில், கறுப்புக் கூழாங்கற்கள் புடைத்துக்கொண்டு நிற்கிற ஒன்று.

அந்தக் கடைசித் துண்டைப் பார்த்ததும் வானிலைக்காரருக்கு நெஞ்சு படபடத்தது. அடுத்த வீட்டுப் பல் டாக்டரின் குளம் அதே பூச்சுதான். மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தால் மலை உச்சியில் யாருக்கும் தெரியாமல் கிடக்கிற ஏரி மாதிரி இருக்கும். "மேகம் எல்லாம் என் குளத்துல வந்துதான் சார் முகம் பாத்துக்குது" என்று பல் டாக்டர் ஒருநாள் சொன்னார். ஆயுள் முழுவதும் மேகத்துக்கே ஊழியம் பார்த்த ஒரு மனிதரிடம், பல்லைப் பிடுங்குகிற ஒருவர் சொல்லலாமா அதை? அன்று முதல் வானிலைக்காரருக்குத் தூக்கம் பாதியாயிற்று.

மனைவி ஒவ்வொரு துண்டையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"என்னம்மா, பவுடர் கடைக்கு வந்த மாதிரி பாக்குறீங்க?" என்றார் மேஸ்திரி.

"காலுக்குத்தான் சொரணை இல்லையே, கன்னமாவது சொல்லட்டும்" என்று சொல்லி, பளிங்குத் துண்டைத் தனியாக எடுத்து வைத்தாள். "இதுதான். குழந்தை தொடை மாதிரி இருக்கு. என்னங்க, உங்களுக்கு?"

"உனக்குப் பிடிச்சா எனக்குப் பிடிச்ச மாதிரிதான்" என்றார் அவர். சொல்லும்போதே கண் கறுப்புத் துண்டின் மேல் இருந்தது.

மறுநாள் அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மேஸ்திரிக்குப் போன் செய்தார். "அம்மா மனசு மாறிட்டாங்க மேஸ்திரி. கறுப்புக் கூழாங்கல்லே இருக்கட்டும்னு சொல்றாங்க."

அவ்வளவுதான். ஒரு தும்மல் தும்முகிற நேரம். போனை வைத்த பிறகு உடனே கூப்பிட்டு மாற்றிவிடலாம் என்று நினைத்தார். சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தார். சாப்பிட்டதும் அசந்துவிட்டார். மனச்சாட்சி குத்துகிறபோதும் இரண்டு ஆள் குறட்டை விடுகிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

பூச்சு போடுகிற அன்று தூசிக்குப் பயந்து மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மேஸ்திரியின் ஆட்கள் காலில் சாக்கைக் கட்டிக்கொண்டு குளத்துக்குள் இறங்கினார்கள். இயந்திரம் யானை பிளிறுகிற மாதிரி பிளிறிக்கொண்டு கலவையைத் துப்பியது. கொத்துக் கரண்டிகள் சரக் சரக்கென்று ஓடின. கலவையை இழுத்து முடித்தபோது எல்லாம் மழமழவென்றுதான் இருந்தது. கல்லெல்லாம் சிமென்ட்டுக்குள் போர்வை போர்த்திப் படுத்திருந்தது. அதைப் பார்த்து வானிலைக்காரருக்கு ஒரு அற்ப நிம்மதி. அட, இதுவும் வழுவழுப்பாகத்தானே இருக்கிறது!

மேஸ்திரி தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தார். "சார், இனிமே மேல் சிமென்ட்டைக் கழுவிவிட்டாத்தான் கல்லு தெரியும். கழுவிட்டா கல்லு முழிச்சுக்கும், அப்புறம் படுக்க வைக்க முடியாது. அம்மா நிஜமாவே இதைத்தான் கேட்டாங்களா? அன்னைக்குக் கன்னத்துல வெச்சு வெச்சுப் பாத்தாங்களே?"

இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வானிலைக்காரர் மதிலைப் பார்த்தார். மதிலுக்கு மேல் பல் டாக்டரின் தலை முளைத்திருந்தது.

"அட, கறுப்பா? நம்ம கட்சிக்கு வந்துட்டீங்களா சார்!" என்றது தலை.

"கழுவுங்க மேஸ்திரி" என்றார் வானிலைக்காரர்.

கற்கள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. எல்லாம் தன்னையே பார்ப்பது போல அவருக்குப் பட்டது.

தண்ணீர் நிறைந்து, மேகம் வந்து முகம் பார்க்கத் தொடங்கிய நேரத்தில் மனைவி திரும்பி வந்தாள். குளத்தைப் பார்த்தாள். நின்றாள். ரயில் நிலையத்தையே கிடுகிடுக்க வைத்த குரல் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி வந்தது.

"என்னங்க இது?"

அவர் உண்மையைச் சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தார். சத்தியமாக அதற்குத்தான். ஆனால் கதை அளந்தே பழகிய வாய். "மேஸ்திரி கலவையை மாத்திக் கொண்டுவந்துட்டான்மா. நான் பாக்கறதுக்குள்ள பாதி போட்டாச்சு. நான் குதிச்சேன், கத்தினேன், குழாயையே பிடுங்கி எறிஞ்சேன். என்ன பண்றது, ஆரம்பிச்சா நிறுத்தக் கூடாதாமே."

இப்போது அவள் மேஸ்திரியை ஒரு பிடி பிடிப்பாள், சண்டைச் சத்தத்தில் தன் குற்றம் மூழ்கிப்போகும் என்று கணக்குப் போட்டார். வழக்கம் போலக் கணிப்பு தப்பியது.

"பாவம்" என்றாள் அவள். "அந்த மனுஷனுக்கு வீட்டுல என்ன கஷ்டமோ. விடுங்க, திட்டாதீங்க. உடைச்சுத் திரும்பப் போடச் சொன்னா வேலை செஞ்ச புள்ளைங்க மனசு நொந்துபோயிடும். கறுப்பா இருந்தா என்ன? தண்ணி தண்ணிதானே."

அவள் நாலு அறை விட்டிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

தண்ணீர் பதமாகட்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்த நாள்கள் கழிந்தன. அந்த நாள்களில் வானிலைக்காரர் வீட்டில் செய்யாத வேலை இல்லை. தன் காபித் தம்ளரைக்கூடத் தானாக எடுத்து வைத்தறியாதவர், தட்டுக் கழுவினார், ஜன்னல் துடைத்தார், அவள் கேட்காமலே பழைய துணியை மடித்தார். "என்னங்க, உடம்புக்கு ஏதாவதா?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அக்காவுக்குப் போன் செய்து, "என் வீட்டுக்காரர் திருந்திட்டார்க்கா" என்று அறிவித்தாள். அந்த அறிவிப்பு நான்கு தெருவுக்குக் கேட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருடையது டமாரம் அடித்தது.

அவள் முதல் தடவை குளத்தில் இறங்கிய காலையில் வெயில் இதமாக இருந்தது. "நல்லாத்தாங்க இருக்கு!" என்று கழுத்தளவுத் தண்ணீரிலிருந்து கூவினாள். இக்கரைக்கும் அக்கரைக்கும் நடந்தாள். இத்தனை நாள் நடக்காததற்கும் சேர்த்து நடந்தாள். அவர் வர்ணனை எதுவும் கொடுக்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பிறகு அவள் படியேறி வந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு, அந்தக் காலத்து ரயில் ஒன்று தாமதமான கதையைச் சொல்லிச் சிரித்தபடியே வீட்டுக்குள் போனாள்.

வெளிறிய கல் பாவிய தரையில் அவள் போன வழியெல்லாம் ஈரக் காலடிகள். ஒவ்வொரு காலடியின் நடுவிலும் இளஞ்சிவப்பாக ஒரு கசிவு.

வானிலைக்காரர் எழுந்து நின்றார். உள்ளே அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது. கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். அவர் என்ன செய்தார் தெரியுமா? தோட்டத்துக் குழாயைத் திறந்து, வாசல்படி வரைக்கும் அந்தக் காலடிகளை ஒன்று விடாமல் கழுவினார். கழுவக் கழுவச் சிவப்பு தண்ணீரோடு கலந்து புல்லுக்குள் போயிற்று. மதிலுக்கு அந்தப் பக்கம் பல் டாக்டர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஒரு அகலத் தாம்பாளத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் மருந்துமாக வந்து அவள் காலடியில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"என்ன, காலைப் பிடிக்கிற அளவுக்கு என்ன பண்ணீங்க?" என்றாள் அவள் சிரித்துக்கொண்டே.

"சும்மாதான். வறண்டு கிடக்கு. எண்ணெய் மாதிரி ஏதாவது தடவினா நல்லது."

முழங்கால் முழுக்க மடங்காததால் அவளால் தன் உள்ளங்காலைப் பார்க்க முடியாது. அவர்தான் பார்த்தார். பூனை பிறாண்டிய மாதிரி குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள். ஆழமில்லை. ஆனால் அவர் கண்ணுக்கு அவை கிணறு கிணறாகத் தெரிந்தன. மருந்து வைக்கும்போது, எரிகிறதா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"எரியறது எனக்கு எங்க தெரியப்போகுது?" என்றாள்.

"நாளைக்குக் குளத்துல இறங்காதே. பெரிய மழை வருது. புயலே வரலாம்."

மறுநாள் விடிந்த வெயிலில் பப்படம் சுடலாம் போல இருந்தது. மேகம் என்று பெயருக்கு ஒரு பஞ்சுத் துணுக்குக்கூட இல்லை. "உங்க புயலு ரயிலைத் தவற விட்டுடுச்சு போல" என்று சொல்லிக்கொண்டே அவள் குளத்துக்குக் கிளம்பினாள். அந்த நேரத்தில் மேஸ்திரி நீளக் கம்புத் தூரிகையோடு வந்து சேர்ந்தார். புதுப் பூச்சின் மேல் படிகிற சுண்ணாம்புத் தூளைத் தேய்த்துவிட வேண்டும்.

"வாங்க மேஸ்திரி. மூஞ்சி ஏன் வாடியிருக்கு? அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க. கலவை மாறிப்போறது ஒரு பெரிய குத்தமா? நான் ஒருதடவை ஊரே நின்ன பிளாட்பாரத்துல தப்பு ரயிலை அறிவிச்சிருக்கேன். யாரும் சாகல."

மேஸ்திரி கம்பைக் கீழே ஊன்றினார். "என்னம்மா சொல்றீங்க? கலவை மாறிடுச்சா?"

"நான்தான் மன்னிச்சாச்சுனு சொல்றேனே."

"யாரை மன்னிச்சீங்க? எதுக்கு? கறுப்பையும் வெள்ளையையும் மாத்திப் போட நான் என்ன கண்ணைக் கட்டிக்கிட்டா வேலை பாக்குறேன்? அம்மா, இந்தத் தொழில்ல என்னை யாரும் ஒரு சொல்லு சொன்னதில்லை!" மேஸ்திரியின் பார்வை திரும்பி வானிலைக்காரர் மேல் நின்றது. நீ பேசுகிறாயா, நான் பேசட்டுமா என்று அந்தப் பார்வை கேட்டது.

அவள் இதைக் கவனிக்கவில்லை. "சரி சரி, கோவிச்சுக்காதீங்க. யாரோ மாத்திட்டாங்க, போகட்டும்" என்று சொல்லியபடி படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தண்ணீருக்கு நீட்டினாள்.

"இறங்காதே!"

விமான நிலையத்தில் சூறாவளி வந்தபோதுகூட அவர் அப்படிக் கத்தியதில்லை. ஓடிப் போய் அவள் கையைப் பிடித்தார்.

"மேஸ்திரி மாத்தல. நான்தான் மாத்தினேன். நீ மனசு மாறிட்டேனு போன் பண்ணிச் சொன்னேன். நான் பாவி, நான் சண்டாளன், என்னை மாதிரி ஒரு புருஷன் ஈரேழு உலகத்துலயும் கிடையாது. என்னை இந்தக் குளத்துலயே தள்ளிடு. எனக்கு நீச்சலும் தெரியாது, வேலை சுலபம்."

மேஸ்திரி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். அவள் முகத்திலும் ஒரு ஓரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "பல் டாக்டர் குளத்தைப் பாத்துப் பொறாமையா? அதை என்கிட்டயே சொல்லியிருந்தா நானே போடச் சொல்லியிருப்பேனே. இதுக்கா இவ்வளவு..."

அதோடு முடிந்திருக்கும். அவரும் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தார். ஆனால் அவள் நீட்டிய காலை இன்னும் தரையில் வைக்கவில்லை.

"பின்ன எதுக்கு இறங்காதேன்னு கத்தினீங்க?"

அவர் பார்வை வாசல்படி வரைக்கும் தரையில் போய்த் திரும்பியது. அவள் விடவில்லை.

"நேத்து நான் குளிச்சிட்டு வந்தப்புறம் தரையைக் கழுவினீங்க. ஜன்னல் வழியா பாத்தேன். மனுஷன் நிஜமாவே திருந்திட்டாருன்னு நினைச்சேன். என்னத்தைக் கழுவினீங்க?"

இந்தத் தடவை அவர் வாயில் ஈரேழு உலகமும் வரவில்லை, பாவியும் வரவில்லை. "உன் கால்ல ரத்தம்" என்றார். "நீ நடந்த எடமெல்லாம்."

அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். அது அவருடைய நாற்காலி.

"நான் சிரிச்சுக்கிட்டே போனேன்ல?" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். டாக்டர் பாதங்களைப் பார்த்தார், கட்டுப் போட்டார், நல்லவேளை அன்றைக்கே மருந்து வைத்தீர்கள் என்று அவரைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை வைத்துக்கொள்ள அவருக்கு இடமில்லை. மேஸ்திரி, கல்லை எந்திரம் வைத்துத் தேய்த்து மழமழப்பாக்க முடியும், ஆனால் தண்ணீரை மறுபடி இறக்க வேண்டும் என்றார். "செய்யுங்க" என்றாள் மனைவி. மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டவளும் அவள்தான். அக்காவுக்குப் போன் செய்து சொல்லாதவளும் அவள்தான். வீட்டில் எல்லாம் வழக்கம் போலவே நடந்தது. குரல் மட்டும் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்கவில்லை.

தண்ணீரை இறக்கித் தேய்த்து முடித்த அன்று அவரைக் கூப்பிட்டாள். கையில் மேஸ்திரியின் சாக்பீஸ்.

"செருப்பைக் கழட்டுங்க. உள்ள இறங்கி எல்லா எடத்துலயும் நடங்க. குத்துற எடத்துல வட்டம் போடுங்க. எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் வெற்றுக் காலோடு இறங்கினார். வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் குளத்தின் தரையை மிதித்தார். அவள் கரையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கால்களை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் கேட்டாள்.

"அங்க?"

"இங்க குத்துது."

"வட்டம் போடுங்க. அந்த மூலை?"

"கத்தி மாதிரி குத்துது. ஈட்டி மாதிரி..." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "கொஞ்சம் குத்துது."

மேஸ்திரி எந்திரத்தோடு பின்னாலேயே வந்து வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனார். குனிந்து குனிந்து வட்டம் போட்டதில் வானிலைக்காரருக்கு இடுப்பு ஒடிந்தது. பாதம் எரிந்தது. எரிகிறது என்று அவர் சொல்லவில்லை. கடைசியாக, அவள் எப்போதும் முதலில் கால் வைக்கிற அந்தப் படிக்கு வந்து சேர்ந்தார். காலை வைத்தார். இழுத்துப் பார்த்தார். குதிகாலை அழுத்திப் பார்த்தார்.

"இங்க குத்தல" என்றார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழமழத்த கறுப்புப் படியின் மேல் வெயில் பட்டு மின்னியது.

"முதல்லேருந்து திரும்ப நடங்க" என்றாள்.

அவர் திரும்ப நடந்தார்.